இவ்வாண்டு நாம் படிக்க வேண்டியவை



1931-இல், காரைக்குடியும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது 11 தடைகளை விதித்தனர். நம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. ஆதலின் நமக்கு வாசிப்பு பொழுதுபோக்கன்று, மீட்டெடுத்த உரிமை.

வரும் ஆண்டுக்கு நான்கே நூல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று திங்களுக்கு ஒன்று போதும். முதலில் இரட்டைமலை சீனிவாசனாரின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' (1939). அடுத்து, மாநாட்டார் பேச இடந்தராமையால் அண்ணல் அம்பேத்கர் 1936-இல் தாமே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு'. பின்னர் பாமாவின் 'கருக்கு' (1992). இறுதியாக, நம் அரசியலமைப்புச் சட்டம். அதில் தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவை மனத்தில் பதியுங்கள்.

வாங்க இயலாதோர் நூலகத்தை நாடுங்கள். படித்ததை, பள்ளி வாசலை மிதித்தறியாத நம் தாய்மார்க்கு அந்தி வேளையில் வாசித்துக் காட்டுங்கள். அன்றுதான் அந்தத் தடை முற்றும் தகரும்.