டிரம்பெட் பிடித்த கை



பித்தளை வாத்தியம் என்றால் என்ன என்று புணே வாழ் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையாரைக் கரைக்கிற நாளில் லட்சுமி ரோட்டோரம் நின்றால் போதும், நெஞ்சுக்கூடே அதிரும். ஆனால் அந்த பாண்டில் முன்வரிசையில் ஊதுகிறவர் பெயரை நாம் யாராவது கேட்டிருக்கிறோமா? அப்படி ஊதிப் பிழைத்து, பெரிய வாத்தியக் குழுவை நடத்தி, சினிமாவுக்கும் இசையமைத்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெற்றோர் வைத்த பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். மேடைப் பெயரைச் சொன்னால் பின்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவீர்கள்: சிக் சாக்லேட்!

1916-இல் கோவாவில் அல்டோனா என்ற ஊரில் பிறந்தவர். அன்றைக்குக் கோவா போர்த்துக்கீசியர் கையில். மாதா கோயில்களை ஒட்டி இசைப் பள்ளிகள் இருந்தன. பூசைக்குப் பாட ஆள் வேண்டுமே! அதற்காகப் பையன்களுக்கு இசைக்குறிப்பு படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சரளி வரிசை பாடுகிற வயதில் அந்தப் பிள்ளைகள் தாளைப் பார்த்தவுடனே வாசித்தார்கள். வித்தை இருந்தது, ஊரில் பிழைப்பு இல்லை. பம்பாய்க்கு வந்தார்கள், கல்கத்தாவுக்குப் போனார்கள், மலைவாசத்தல ஓட்டல்களில் துரைமார் ஆட வாசித்தார்கள்.

சிக், அமெரிக்க டிரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தேறினார். 1940-களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் ‘மியூசிக் மேக்கர்ஸ்’ என்ற தம் குழுவோடு கொடிகட்டிப் பறந்தார். ‘இந்தியாவின் ஆர்ம்ஸ்ட்ராங்’ என்று பட்டமும் கொடுத்தார்கள். அந்தப் பட்டம் அவருக்குச் செய்த அநியாயம் என்பது என் கட்சி. ஏனென்று சொல்கிறேன்.

1949-இல் பம்பாயில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. மது இல்லாத நடனக் கூடத்துக்கு எவன் வருவான்? ஓட்டல் வருமானம் சுருங்க, வாத்தியக்காரர்கள் சினிமா ஸ்டூடியோக்களை நம்ப ஆரம்பித்தார்கள். அங்கே சிக்குக்கு வாய்த்த இசையமைப்பாளர் சி. ராமச்சந்திரா. அகமத்நகர் மாவட்டத்துக்காரர். விநாயக்புவா பட்வர்த்தனிடம் பாட்டுப் படித்தவர். அந்தப் பட்வர்த்தன்தான் 1932-இல் இதே புணேயில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கியவர்.

இந்த ராமச்சந்திரா இசையமைப்பாளராக முதலில் பெயர் போட்டுக்கொண்டது எந்த மொழிப் படத்தில் தெரியுமா? தமிழில்! ‘ஜெயக்கொடி’, ‘வனமோகினி’. இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி நடித்த அதே வனமோகினிதான், 1941. இயக்கியவர் பகவான். பத்து வருஷம் கழித்து அந்த பகவானும் ராமச்சந்திராவும் சேர்ந்து கொடுத்ததுதான் ‘அல்பேலா’. இந்தியா முழுக்க ஆட வைத்த படம். அதில் ராமச்சந்திராவுக்கு உதவியாளர் சிக் சாக்லேட். சுருக்கம் வைத்த சட்டை போட்டுக்கொண்டு குழுவோடு திரையிலும் வருகிறார், கூர்ந்து பாருங்கள்.

உதவியாளர் என்றதும் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். டிரம்பெட்டில் இருப்பது மூன்றே வால்வு, மீதியெல்லாம் உதடும் மூச்சும். தாளில் எழுதியதை அப்படியே ஊதினால், பியானோவைவிட ஒரு முழு ஸ்வரம் இறங்கித்தான் கேட்கும். ஆகவே ஒரு ஸ்வரம் ஏற்றி எழுதித் தர வேண்டும். சாக்ஸபோனுக்கு வேறு கணக்கு, வயலினுக்கு வேறு தாள். இடையில் டோலக் வேறு! அந்த வாசிப்பாளர்களில் பலருக்கு எழுதிய இசை பழக்கமே கிடையாது. இத்தனை பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து வாசிக்க வைக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. இந்த வேலை ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு வாய்த்ததே இல்லை. அதனால்தான் அந்தப் பட்டம் போதாது என்கிறேன்.

மெட்டு ராமச்சந்திராவுடையது, அதில் சந்தேகம் வேண்டாம். அவர் மேதை. ஆனால் நம் காதில் விழுகிற பாட்டு மெட்டு மட்டும்தானா? முன்னிசை எப்படித் துவங்கணும், பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில் எந்தக் கருவி நுழையணும் என்பதையெல்லாம் யோசிக்கிறவனும் இசையமைப்பாளன்தான். சினிமா அவனுக்குக் கொடுத்த பெயர் உதவியாளர். சில படங்களில் அதுவும் கிடையாது.

சிக் தாமே இசையமைத்த படங்கள் கொஞ்சம். 1951-இல் வந்த ‘நாதான்’ அதில் ஒன்று. அதில் தலத் மகமூத் பாடிய பாட்டு இன்றைக்கும் பழைய பாட்டுப் பிரியர்களுக்கு உயிர். பாடியவரைத் தெரியும், போட்டவரைத் தெரியாது! ‘ஆக்ரி கத்’ 1966-இல் வந்தது, ராஜேஷ் கன்னாவின் முதல் படம். அதில் ஒரு கிளப் பாட்டில் சிக் டிரம்பெட்டோடு நிற்பார். மறு வருஷம் காலமானார். வயது ஐம்பதை ஒட்டித்தான்.

தமிழர்கள் நாம் மட்டும் யோக்கியமா? தன்ராஜ் மாஸ்டர் என்றால் தெரியாது, இளையராஜாவின் குரு என்று சொன்னால்தான் நமக்கு விளங்குகிறது.

நண்பர்களே, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருப்பது இந்தப் புணேயில்தான், பக்கத்திலேயே திரைப்படக் கல்லூரியும் இருக்கிறது. படங்களைக் காக்க அவை இருக்கின்றன, வாசித்தவர்கள் பெயரைக் காக்க நாம்தான் வேண்டும். இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். ஊருக்குப் போகும்போது வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் விசாரியுங்கள். பழைய டிரம்பெட்காரர், டிராம்போன்காரர் யாராவது இருந்தால் செல்போனை எதிரே வைத்து, ‘ஐயா, நீங்கள் எந்தெந்தப் பாட்டில் வாசித்தீர்கள்?’ என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் சொல்கிற பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதி வையுங்கள். தீபாவளிக்குப் போகிறவர்கள் இந்தத் தீபாவளிக்கே தொடங்குங்கள்.