வாகனத்தின் எடையும் நாட்டின் செலவும்

 

மோட்டார் வாகனங்களின் எடையைக் குறைக்கும் பொருட்டு மேனாட்டாரும் ஜப்பானியரும் கையாளுகின்ற அலுமினியம், கார்பன் இழை, கண்ணாடியிழைப் பிளாஸ்டிக் முதலிய பதார்த்தங்களைப் பற்றிக் கல்முனையில் பேசுவானேன் என்று எவரேனும் எண்ணினால், சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரையில் கரையோரமாக ஒருமுறை நடந்து வரும்படி அவரை விநயமாகக் கேட்டுக்கொள்வேன். மரத்தோணி இருந்த இடத்தில் இன்று பைபர் எனப்படும் கண்ணாடியிழை வள்ளம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடிய பின் நிவாரணமாகவும் அவை பெருந்தொகையாக வந்தன. பாரம் குறைந்ததால் சிறிய இயந்திரமே போதுமாயிற்று, மண்ணெண்ணெய் மிச்சமாயிற்று, பெருமரங்களும் தப்பின. ஆயினும் உடைந்த மரத்தோணி அடுப்புக்காவது உதவும். உடைந்த பைபரோ மக்குவதில்லை, உருக்கி வார்க்கவும் இயலாது, எரித்தால் நச்சுப்புகையே மிஞ்சும். நம் மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் மடிந்த செய்தியை 2022இல் உலகமே படித்தது. அத்தகைய மேடுகளுக்கு இன்னுமொரு மக்காத பொருளை அனுப்பும் உரிமை நமக்கு இல்லை.

வாகனத்துக்கு வருவோம். எடையில் பத்திலொரு பங்கு குறைந்தால் எரிபொருளில் நூற்றுக்கு 6 முதல் 8 வரை மிச்சமாகும் என்பது பொறியியலாரின் மதிப்பீடு. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வாரத்துக்கு 20 லிட்டர் என்ற பங்கீட்டுக்காக கியூ.ஆர். அட்டையை ஏந்தி இரவு பகலாக வரிசையில் நின்ற நமக்கு அம்மிச்சத்தின் அருமையை எவரும் போதிக்க வேண்டுவதில்லை. அந்நியச் செலாவணி கொடுத்து எண்ணெய் வாங்கும் தேசத்தில், எரியாது மிஞ்சும் எண்ணெய் யாவும் சம்பாதித்த டொலருக்குச் சமானம்.

எனினும் ஓட்டத்தில் மிச்சமாவது உற்பத்தியிலேயே செலவாகிவிடக்கூடும். தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 14 அலகு மின்சாரம் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கினால் அதில் இருபதிலொரு பங்கே போதும். கார்பன் இழைக்கோ மின்சாரமும் வெப்பமும் அபரிமிதமாக வேண்டியிருப்பதால், 2013இல் ஐ3 என்னும் மின்காரை வெளியிட்ட பீ.எம்.டபிள்யூ. நிறுவனம், அதற்கான இழையை நீர்மின்சாரம் மலிவான அமெரிக்க வாஷிங்டன் மாநிலத்தில் தயாரித்து ஜெர்மனிக்குக் கொண்டுசென்றது. நிலக்கரி மின்சாரத்தால் அதே இழையைச் செய்திருந்தால் அந்தக் காரின் கீர்த்தியில் எவ்வளவு எஞ்சியிருக்கும்?

பழுது பார்ப்பது வேறொரு பிரச்சினை. நசுங்கிய எஃகுத் தகட்டை நம் ஊர்க் கராஜ்காரர் சுத்தியலாலும் வெல்டிங்காலும் நேராக்கிவிடுவார். அலுமினியத்துக்குத் தனிக் கருவிகளும் தனிப் பயிற்சியும் தேவை. கார்பன் தகட்டிலோ வெடிப்பு உள்ளே மறைந்திருந்து கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே கூலியும் உதிரிப்பாகமும் கொழும்புக்கோ அதற்கப்பாலோ போகும். 2014இல் ஜப்பானில் வெளிவந்த சுசுகி ஆல்ட்டோ, உயர்வலு எஃகைப் பெரிதும் பயன்படுத்தி முந்தைய வடிவத்தைவிட 60 கிலோ குறைந்ததை நோக்கின், நம் வருவாய்க்கும் கைத்திறனுக்கும் அந்த மார்க்கமே உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். கார் கழிந்தபின்னும் எஃகைக் காந்தம் பிரித்தெடுக்கும். பழைய இரும்பு வாங்குபவரும் விலை கொடுப்பார்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அவற்றுக்கான உற்பத்தி வரியை இயந்திரத்தின் கொள்ளளவையும் மின்மோட்டாரின் வலுவையும் வயதையும் கொண்டு நிர்ணயிக்கின்றனர். வாகனத்தின் எடையோ, அது கழிந்தபின் அதன் உடலில் எவ்வளவு மீளப் பயன்படும் என்பதோ அக்கணக்கில் இடம்பெறவில்லை. அவ்விரண்டும் இடம்பெற வேண்டும். கூடவே, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தார், நம் கரையில் வள்ளங்களுக்குக் கண்ணாடியிழைப் பாயும் பசையும் ஒட்டிப் பழகிய கைவினைஞரை அழைத்து, உடைந்த பைபரை என்ன செய்வது என்னும் ஆராய்ச்சியை அவர்களுடன் சேர்ந்தே தொடங்க வேண்டுமென்று இச்சபையின் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.