தம் ஆக்கத்தையே ஐயுற்ற அறிஞர்



1924இல் பிறந்து 2010இல் மறைந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன அவர்களை நினைவுகூருகின்றோம். வானூர்தி அமைத்துத் தாமே ஓட்டியவர். மூன்று பெண்மக்களின் தந்தை.

சிறு வயல்களுக்கேற்ற இருசில்லு உழவு இயந்திரத்தை அவர் 1950களில் ஆக்கினார். இங்கிலாந்துத் தொழிலகமொன்று அதனைச் செய்து விற்றது. ‘லாண்ட்மாஸ்டர்’ என்னும் அதன் பெயர் இன்றும் நம் வயல்களில் வழங்குகின்றது.

புகழ் வந்தது, ஆயினும் அவர் மனம் அமையவில்லை. எருமை கன்று ஈனும், எருவும் தரும். இயந்திரமோ எண்ணெயும் உதிரிப்பாகமும் கேட்கும். இதனை உணர்ந்து தம் ஆக்கத்தையே ஐயுற்றார். பின்னர், சீமைக்கிளுவையை நிரைநிரையாக நட்டு மண்ணைக் காத்து, அதன் தழையையே உரமாக்கும் முறையைத் தம் தோட்டத்தில் உழைத்துக் காட்டினார்.

புதுக்கருவி எதுவாயினும், உழவனுக்கு மிஞ்சுவது யாது என்று முதலிற் கேட்போமாக! அதுவே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.