கண்ணுக்குச் சொட்டுமருந்து தெளிவு தருமா?

(அசாம் ஜாவா வட்டாரத் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



கோல சிலாங்கூர் மாவட்டத்தில் பால்மரம் நின்ற நிலத்தின் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. எனினும், பொழுது புலருமுன் தலைவிளக்கை அணிந்து மரம் வெட்டச் செல்வோருக்குக் கத்தி எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது கண். வெட்டு மேலோட்டமானால் பால் குறையும். ஆழமானால் மரம் புண்படும். பட்டையில் அந்த நூலளவு வேறுபாட்டைக் கண்டுணர்த்துவது கண்ணேயன்றோ!

ஆதலால், நம்மிற் சிலர் கடையில் கிடைக்கும் கண்ணீர்ச் சொட்டுமருந்தை வாங்கிவைத்து, பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் இரண்டு மூன்று சொட்டு விட்டுக்கொள்கின்றனர். கண் குளிர்ந்தால் பார்வை தெளியும் என்பது அவர்தம் எண்ணம். அஃது உண்மைதானா என்பதை இன்று நாம் சிந்திப்போம்.

கருவிழியின்மேல் கண்ணீர் மிக மெல்லிய படலமாகப் பரவியுள்ளது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்கே. கண்ணுக்குள் நுழையும் ஒளி முதலில் வளைவது இப்படலத்தின் மேற்பரப்பில்தான். படலம் சீராக இருந்தால் உருவம் தெளிவாக விழும், சீர்குலைந்தால் மங்கும். நலமான கண்ணில், இமைக்குந்தோறும் இமைகளே அதனைச் சீர்ப்படுத்திவிடுகின்றன.

ஒரு கண்ணில் இயல்பாக உள்ள கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர். புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டோ அதைப்போலப் பன்மடங்கு. நிறைந்த வாளியில் மேலும் பாலை ஊற்றினாற்போல, மிகுதி கன்னத்தில் வழியும், மூக்கினுள்ளும் இறங்கும். எனவே, இரண்டாம் சொட்டு வீணே. அன்றியும், சொட்டு விழுந்தவுடன் படலம் கலைந்து பார்வை சற்றே மங்குகிறது. நீர்த்த மருந்தாயின் இம்மங்கல் விரைவில் நீங்கும். கெட்டியான மருந்தோ களிம்போ ஆயின் நெடுநேரம் நீடிக்கும். மங்கல் நீங்கியபின் நலமான கண் முன்பிருந்த நிலையையே அடைகிறது. புதிய வலிமை எதுவும் பெறுவதில்லை. கையில் கத்தியுடன் இருட்டில் நிற்பவருக்கு அம்மங்கலே இடர் விளைவிக்கும்.

அவ்வாறாயின் இம்மருந்து பயனற்றதோ? அன்று. கண் உலர்ந்து எரிவோருக்கும், மணல் விழுந்தாற்போல் உறுத்துவோருக்கும் அது நல்ல துணை. ஆனால், 40 வயதுக்குமேல் கிட்டத்துப் பொருள் மங்கினால் தேவை கண்ணாடி. கண்புரை படர்ந்தால் தேவை அறுவை மருத்துவம். இவற்றைச் சொட்டுமருந்தால் போக்க முயல்வது காலத்தை வீணாக்குவதாகும்.

தூய்மையின்மையும் பெருங்கேடு. சென்னைக்கு அருகே செய்யப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட கண்ணீர்ச் சொட்டுமருந்து குறித்து, அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் 2023ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தனர். மருந்துகளுக்கு எளிதில் அடங்காத கிருமியால் 81 பேர் பாதிக்கப்பட்டனர், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் மாண்டனர். ஆகவே, தேவையின்றி விடும் ஒவ்வொரு சொட்டும் வீண் துணிவே.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சில. ஒருவர் புட்டியை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. புட்டியின் முனை இமையில் படலாகாது. திறந்த புட்டியை, உறையில் குறித்த கெடு கடந்ததும் எறிந்துவிட வேண்டும். கண் சிவந்தால், பிறருக்குக் கொடுத்த மருந்தை விடாதீர். ஸ்டிராய்டு கலந்த மருந்தை மருத்துவர் சொல்லின்றித் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் மிகுந்து பார்வையே பறிபோகக்கூடும். பாலோ, அமோனியாவோ, பால் உறைய ஊற்றும் அமிலமோ கண்ணில் தெறித்தால் சொட்டுமருந்தைத் தேடாமல், உடனே தூய நீரால் 15 நிமிடத்திற்குக் குறையாமல் கழுவி, மருத்துவரிடம் விரைக.

பார்வை குறைவதாகத் தோன்றினால் மருந்துக்கடைக்கு முன்னே அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடுவோம். நலமான கண்ணை நலமாகவே விட்டுவைப்பதும் ஒரு பாதுகாப்புத்தான்.