யாருக்கு எந்த நிறத் துணி எடுக்கும்?



யாருக்கு எந்த நிறத் துணி பொருந்தும் என்பதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி இங்குள்ள தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். பகுத்தறிவுப் பிரசாரம் செய்கின்றவர்களுக்குப் புடவை நிறத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கின்றது. ஏனெனில், ஒருவர் உடுத்தும் துணியின் நிறத்தைக்கூட அவருடைய கண் தீர்மானிப்பதில்லை. சோசியரும், சுற்றத்தார் வாயும், ஜவுளிக்கடை விளக்குமே தீர்மானிக்கின்றன.

முதலாவது, சோசியர் சங்கதியைப் பாருங்கள். இன்ன ராசிக்கு இன்ன நிறம், இன்ன கிழமைக்கு இன்ன நிறம் என்கிறார். ஒரே ராசியில் பிறந்த கறுத்த பெண்ணுக்கும் சிவந்த பெண்ணுக்கும் ஒரே நிறந்தான் என்றால், அந்த ராசிக்குக் கண் இல்லை என்பதுதானே அர்த்தம்?

இரண்டாவது, சுற்றத்தார் பேச்சு. கறுத்த பெண் மாம்பழ மஞ்சள் புடவையைக் கையில் எடுத்தவுடன், "உன் நிறத்துக்கு இது எடுக்காதம்மா, அடக்கமாக ஏதாவது பார்" என்கிறார்கள். இதன் கருத்தென்ன? அவள் முகம் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதல்ல. அவள் நிறம் யார் கண்ணிலும் படாமல் இருக்கவேண்டும் என்பதேயாகும். 1975-ல் "பேர் அண்ட் லவ்லி" என்று விற்பனைக்கு வந்த களிம்பு, 2020-ல் "குளோ அண்ட் லவ்லி" என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறிற்று, வீட்டுப் பேச்சு மாறிற்றா? தோல் கறுப்பாயிருப்பது மெலனின் என்னும் நிறப்பொருள் மிகுதியாயிருப்பதால். வெயிலின் புறஊதாக் கதிரால் வரும் கெடுதியை அது குறைக்கின்றது. இப்படி உடம்பைக் காக்கிற ஒன்றுக்கு வெட்கப்படுவானேன்?

அப்படியானால் நிறம் பொருந்துவது என்பதே பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யல்ல. பாரிஸ் நகரத்தில் கோபலன் என்ற திரைச்சீலை நெசவுச்சாலை உண்டு. 1824-ல் அதன் சாயப் பகுதிக்குத் தலைவரான ஷெவ்ரோல் என்னும் ரசாயன அறிஞரிடம், கறுப்புச் சாயம் மங்கலாயிருக்கிறதென்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்ததில் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கலாகக் காட்டின என்று கண்டார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் வேறாகத் தெரியும் என்ற இந்த விதியை 1839-ல் புத்தகமாக வெளியிட்டார். முகத்துக்குப் பக்கத்தில் வரும் துணிக்கும் இதே விதிதான். பச்சைக்குப் பக்கத்தில் தோல் சற்றுச் சிவந்து தெரியும். வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு இன்னும் கறுத்துத் தெரியும். தெரிந்தால் என்ன முழுகிப்போயிற்று? எடுப்பு என்பதே அந்த வேற்றுமைதானே!

1980-ல் அமெரிக்காவில் காரல் ஜாக்சன் என்ற அம்மையார், தோல், மயிர், கண் ஆகியவற்றின் நிறத்தைப் பார்த்து, மனிதர்களை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் நிறப்பட்டியல் வகுத்தார். பார்த்துச் சொல்வதால் இது ராசியைவிட மேல். ஆனாலும் வெள்ளையரை நான்காகப் பிரித்த அம்முறை, கறுப்பர், ஆசியர்களில் பெரும்பாலோரைக் குளிர்காலம் என்ற ஒரே பட்டியில் அடைத்துவிட்டது. ஒரே வீட்டில் கறுப்பு, மாநிறம், புதுநிறம், சிவப்பு என்று பிள்ளைகளைக் காண்கிற நமக்கு அது எப்படிப் போதும்?

ஆகவே காசு செலவில்லாத பரீட்சை ஒன்று சொல்லுகிறோம். பகலில் ஜன்னலோரம் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். முகத்தில் பவுடர் வேண்டாம். வீட்டிலுள்ள ஐந்தாறு நிறத் துணிகளை ஒவ்வொன்றாய் முகவாய்க்கட்டைக்குக் கீழே பிடித்து, துணியைப் பாராமல் முகத்தைப் பாருங்கள். பார்வை முகத்துக்குப் போனால் அந்நிறம் எடுக்கிறது. துணி மட்டும் தெரிந்து, முகம் சோர்ந்து, கண்ணுக்கடியில் நிழல் அதிகப்பட்டால் எடுக்கவில்லை. கடையிலும் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். உள்ளே விளக்கில் ஒரு நிறம், வெளியே ஒரு நிறமாக இருக்கும். எடுத்த நிறத்தை ரவிக்கையிலும், முந்தானையிலும், சட்டைக் காலரிலும் வையுங்கள். ஆசைப்பட்ட நிறம் எடுக்காவிட்டால் அதை இடுப்புக்குக் கீழே உடுத்துங்கள். யாருக்கும் எந்த நிறமும் விலக்கல்ல.

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒரு விஷயம். 1856-ல் லண்டனில் பெர்க்கின் என்ற 18 வயது வாலிபர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த சரக்கைக்கொண்டு ஊதாச் சாயம் செய்தார். வரவரச் சாயம் மலிந்து, ஏழைகளுக்கும் எல்லா நிறமும் கிட்டிற்று. அதே 1856-ல் இந்த நாட்டில் விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டமும் வந்தது. ஆனால் புருஷன் செத்தவுடன் பெண்ணுக்கு வெள்ளைதான் பொருத்தம் என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நேற்றுவரை அரக்குச் சிவப்பு எடுத்த முகத்துக்கு இன்று அது எப்படி எடுக்காமற்போகும்? மாறியது அவள் தோலா, உங்கள் மனமா?

ஆதலால் தோழர்களே, உங்கள் வீட்டுக் கறுத்த பெண்ணும், கணவனை இழந்த சகோதரியும் துணி எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு கண்ணாடியை நீட்டுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. வெளிச்சத்தில் பார்த்து, அவரவர் கண்ணுக்குச் சரியென்று பட்டதை உடுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.