கயிறு கட்டி இழுத்த கார்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் நடப்பது என்ன?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



"அண்ணே, நம்ம தெருவுல கிளட்ச் இல்லாத கார் நிறைய வந்துடுச்சு, அதைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முதலில் அவரைத் திருத்திவிடுகிறேன். அது கிளட்ச் இல்லாத கார் அல்ல. நம் பழைய காரில் ஒரே ஒரு கிளட்ச். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் மூன்று, நான்கு, ஐந்து கூட இருக்கும். இல்லாதது கிளட்ச் பெடல் மட்டும்தான்.

இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாததால் நான் செய்த ஒரு தப்பை இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன். 35 வருடம் பஸ் கிளட்ச்சைக் கழற்றி மாட்டியவன் நான். அந்தத் தைரியமே என்னைக் கவிழ்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம், மகளும் மாப்பிள்ளையும் பிள்ளைகளோடு கொடைக்கானல் போய்விட்டுத் திரும்பினார்கள். மலை இறங்கி காட்ரோடு வந்ததும் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. மாப்பிள்ளை புத்திசாலி. உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டார். "மாமா, மீட்பு வண்டிக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான்தான், "அதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை, வீண் செலவு. நியூட்ரல்ல போட்டுட்டுக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்துடுங்க" என்றேன். தெரிந்தவர் ஒருவரின் லோடு வேன் வந்தது. வத்தலக்குண்டு வழியாகச் செம்பட்டி வரை, 20 கிலோமீட்டருக்கு மேல் இழுத்தே கொண்டுவந்தார்கள்.

மறுநாள் ஹோஸ் மாற்றினோம். சில நூறு ரூபாய்தான். இன்ஜினை ஸ்டார்ட் செய்து 'டி'யில் போட்டால் வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு உதறலோடு நகர்ந்தது. இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. கருகின நாற்றம் வேறு. கியர்பாக்ஸுக்கு ஆன செலவு ஒன்றரை லட்சத்துக்கு மேல். மாப்பிள்ளை இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது.

ஏன் இப்படி ஆயிற்று? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் புரியும்.

சாதாரண கியர்பாக்ஸில் கியர் மாற்றினால், வேறு ஒரு ஜோடிப் பல்சக்கரம் வேலைக்கு வரும். ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கும். நடுவில் ஒரு சக்கரம், அதற்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றி மூன்று நான்கு சின்னச் சக்கரங்கள், அவை கோள்கள். கோள்களைத் தாங்கும் சட்டம் கேரியர். இவை எல்லாவற்றையும் சுற்றி, உள்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். சூரியன், கேரியர், வளையம். இந்த மூன்றில் ஒன்றைப் பூட்டி, ஒன்றைச் சுற்றினால், மூன்றாவது வேறொரு வேகத்தில் சுற்றும். பூட்டு என்றால் நம் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 60 பல். வளையத்தைப் பூட்டிச் சூரியனைச் சுற்றினால், சூரியன் மூன்று சுற்று சுற்றும்போது கேரியர் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைந்து இழுவை கூடும். அது மலையேறும் கியர். சூரியனைப் பூட்டி வளையத்தைச் சுற்றினால், ஒன்றரைச் சுற்றுக்குக் கேரியர் ஒரு சுற்று. இரண்டைச் சேர்த்துப் பிணைத்துவிட்டால் மொத்தமும் ஒரே கட்டியாகச் சுற்றும், அது நேர் கியர். கேரியரைப் பூட்டிச் சூரியனைச் சுற்றினால் வளையம் எதிர்ப்பக்கம் சுற்றும், அது ரிவர்ஸ். பல்சக்கரம் எதுவும் இடம் மாறவில்லை. எதைப் பிடிக்கிறோம், எதை விடுகிறோம் என்பதுதான் கியர்.

அந்தப் பிடிக்கிற கைகள்தான் கிளட்ச்சும் பேண்டும்.

முதலில் பேண்ட். வண்டி மாடு முரண்டு பிடித்தால் நாம் என்ன செய்வோம்? கயிற்றை வேப்பமரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நுனியைப் பிடிப்போம். மாடு இழுக்க இழுக்கக் கயிறு மரத்தை இறுக்கும். பேண்ட் வேலை செய்வதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு டிரம்மைச் சுற்றிய இரும்புப் பட்டை, உள்பக்கம் உராய்வுப் பூச்சு. ஒரு முனை கியர்பாக்ஸின் கூட்டில் ஊன்றியிருக்கும். மறுமுனையை ஒரு பிஸ்டன் தள்ளும். பட்டை இறுகி டிரம் நின்றுவிடும். டிரம் சுற்றும் திசையும் பிஸ்டன் தள்ளும் திசையும் ஒன்றாக இருந்தால், பிடி தானாகவே இன்னும் இறுகும். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலேயே இந்தப் பேண்டுகள் இருந்தன. அதில் டிரைவர் காலால் மிதித்து இறுக்குவார். 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஓல்ட்ஸ்மொபைல் காருக்குக் கொண்டுவந்த ஹைட்ரமேட்டிக்கில் அந்தக் கால் வேலையை ஆயில் எடுத்துக்கொண்டது.

அடுத்து கிளட்ச். தம்பி, உன் இரண்டு நோட்டையும் கொடு. (ஒரு சிறுவனிடம் நோட்டுகளை வாங்கி, பக்கங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக் காட்டினார்.) இப்படிக் கோத்துவிட்டு இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு இழுத்துப் பார். வரவில்லை, பார்த்தாயா? கிளட்ச்சிலும் இப்படித்தான். ஒரு இரும்புத் தகடு, ஒரு உராய்வுத் தகடு என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஒரு வகைத் தகடுகள் வெளி டிரம்மோடும், மறு வகை உள் அச்சோடும் கோத்திருக்கும். பிஸ்டன் அழுத்தினால் இரண்டும் ஒன்றாகும். அழுத்தம் போனால் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும், தகடுகள் தளரும். உராய்வுத் தகட்டில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் காகித நார் கலந்த பூச்சு. காகிதம்தானா என்று நினைக்காதீர்கள். ஆயிலில் ஊறியிருக்கும் வரை அது லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் உழைக்கும்.

பேண்டால் ஒரு டிரம்மை நிறுத்த மட்டும்தான் முடியும். கிளட்ச், நிறுத்தவும் செய்யும், சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டைச் சேர்க்கவும் செய்யும். பேண்ட் தேயத் தேய இறுக்கம் சரிபார்க்க வேண்டும். அதனால் இப்போது வரும் பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் பேண்ட் இல்லை, எல்லாமே தகட்டுக் கிளட்ச்தான். ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனியின் எட்டு கியர் பெட்டியில் நான்கு கோள் தொகுதி, ஐந்து பிடிகள். எந்தக் கியரிலும் மூன்று பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும்.

கியர் மாறுவது, கைக்குழந்தையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவது போல. இவர் பிடிப்பதற்குள் அவர் விட்டால் குழந்தை விழும். அப்படி நடந்தால் இன்ஜின் திடீரென்று கத்தும், வண்டி ஓடாது. இவர் பிடித்த பிறகும் அவர் விடாவிட்டால் இழுபறி. அப்போது வண்டி உதறும். ஒரு கிளட்ச் விடுவதும் இன்னொன்று பிடிப்பதும் நொடியில் ஒரு பகுதிக்குள் நடந்து முடிய வேண்டும். இதை முடிவு செய்வது கம்ப்யூட்டர். ஆனால் கை வலு முழுக்க ஆயில் அழுத்தம்தான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் ஆயில் பம்ப், சக்கரம் சுற்றுவதால் சுற்றாது. இன்ஜின் ஓடினால்தான் சுற்றும். இன்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இழுத்தால் என்ன ஆகும்? முன்சக்கரங்கள் தரையில் உருளும். அவற்றோடு சேர்ந்து கியர்பாக்ஸின் உள்ளே பல்சக்கரங்களும் டிரம்களும் சுற்றும். பம்ப் நின்றிருப்பதால் அவற்றுக்கு ஆயில் போகாது. புஷ்கள் தேயும், தகடுகள் ஈரமில்லாமல் உரசும், சூடேறும். திறந்து பார்த்தபோது தகடுகள் கருத்திருந்தன, ஆயிலில் இரும்புத் தூள் மின்னியது. நியூட்ரல் என்றால் உள்ளே எல்லாம் ஓய்வில் இருக்கும் என்று நான் நினைத்தேன். அது பெடல் வண்டிக்கான புத்தி. இதே காரணத்தால்தான் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

ஆகவே, ஆட்டோமேட்டிக் நின்றுவிட்டால் முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள். முன்சக்கர இழுவைக் கார் என்றால், குறைந்தபட்சம் முன்சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்து இழுக்க வேண்டும்.

மலைப்பாதைக்கு இன்னொன்று. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கும், சூடேறிப் பிடி குறையும். 'டி'யில் விட்டாலும் போதாது. சில கியர்பாக்ஸ்களில் கீழ் கியரைப் பிடித்திருப்பது ஒருவழிக் கிளட்ச். சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி, இன்ஜின் தள்ளினால் பிடிக்கும், வண்டி இன்ஜினைத் தள்ளினால் நழுவும். 'எல்' அல்லது '2' போட்டால் ஒரு பேண்டோ கிளட்ச்சோ கூடவே பிடிக்கும். அப்போதுதான் இன்ஜின் வண்டியை அடக்கும். ஆகவே இறக்கத்தில் 'எல்', '2' அல்லது மேனுவல் முறை.

ஏற்றத்தில் நெரிசலில் நின்றால் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். பிரேக்கை மிதியுங்கள். 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு மாற்றும்போது வண்டி முழுக்க நிற்கட்டும். உருளும்போதே மாற்றினால், அத்தனை எடையையும் நிறுத்தும் வேலை அந்த மெல்லிய தகடுகளின் தலையில் விழும்.

ஆயில் சிவப்பாக இருந்து பழுப்பாகிக் கருகின வாசனை வந்தாலும், 'டி' போட்டபின் வண்டி யோசித்து யோசித்து நகர்ந்தாலும் காத்திருக்காதீர்கள். ஆயில் எல்லாம் ஒன்றுதானே என்று கிடைத்ததை ஊற்றவும் கூடாது. தகடு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதையே அந்த ஆயிலில் கலந்த மருந்துதான் தீர்மானிக்கிறது. கையேட்டில் எழுதியிருக்கும் ஆயில் மட்டுமே.

கடைசியாக ஒன்று. ஆட்டோமேட்டிக் என்று எழுதியதெல்லாம் இந்த வகை இல்லை. 2014இல் மாருதி செலேரியோவில் வந்து பரவிய ஏஎம்டியில் இருப்பது நம் பழைய கிளட்ச்சும் கியர்பாக்ஸும்தான். காலுக்குப் பதில் மோட்டார் மிதிக்கிறது. அதை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரில் நிறுத்தினால் கிளட்ச் சீக்கிரம் கருகும். சிவிடி, இரட்டைக் கிளட்ச் என்று வேறு வகைகளும் உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கார் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். இழுத்துச் செல்வது பற்றிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸில் மீட்பு வண்டி வசதி இருந்தால் அந்த எண்ணையும் சேமியுங்கள்.

போன வாரம் மாப்பிள்ளை மறுபடியும் கொடைக்கானல் கிளம்பினார். "மாமா, வழியில் ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்" என்று சிரித்தார். "பண்ணுங்க மாப்பிள்ளை. ஆனா மீட்பு வண்டிக்குச் சொல்லிட்டு அப்புறம் எனக்குப் பண்ணுங்க" என்றேன்.

தம்பி, இந்தா உன் நோட்டு.