கடைப் பையை எடைபோடுகிறவர்கள்

வங்கிக் குமாஸ்தாவுக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் யோசிக்கலாம். எடைபோடுகிற இடத்தில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன், அந்த உரிமையில் பேசுகிறேன்.

எங்கள் கிளையில் நகைக் கடனுக்கு வந்தால் மதிப்பீட்டாளர் நகையைக் கல்லில் உரசிப் பார்ப்பார். பையில் எந்தக் கடைப் பேர் போட்டிருக்குன்னு பார்த்து யாரும் கடன் தர்றதில்லை. பல்கலைக்கழகத்தில் அதுதான் நடக்குது. கட்டுரையைப் படிக்கமாட்டார்கள்; இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு என்பார்கள். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்கிற கணக்கு அது. 1955இல் யூஜின் கார்ஃபீல்ட் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. எந்த இதழை அட்டவணையில் சேர்க்கலாம், நூலகத்துக்கு எதை வாங்கலாம் என்பதற்குப் பயன்பட்டது. இதழுக்கு வைத்த தராசில் மனுசனை ஏற்றிவிட்டார்கள். தனி ஆய்வாளரை இதை வைத்து மதிப்பிடாதே என்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் எழுதிய பிரகடனமே 2013இல் வெளியாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஆய்வாளர் ஒருத்தர். 1892இல் வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் தன் வட்டாரத்தில் யார் யார் கைக்குப் போனது என்று பழைய பதிவேடுகளைப் பார்த்துத் தமிழில் எழுதினார், ஒரு சிற்றிதழில். அதை ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு எங்க சனங்க தாசில்தார் ஆபீசுக்குப் போனாங்க. நேர்முகத் தேர்வில் அதற்குப் பூச்சியம். பட்டியலில் இல்லாத இதழாம். பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் பட்டியலை 2025இல் கைவிட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. அங்கே உட்கார்ந்திருப்பது யார்?

அதையே இங்கிலீஷில் எழுதி வெளிநாட்டு இதழில் போட்டால் மார்க் வரும். ஊர்க்காரன் படிக்கக் காசு கட்டணும். எல்லாரும் இலவசமாகப் படிக்கணும்னா எழுதினவன் கட்டணும். 'நேச்சர்' இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. என் ஒரு வருசச் சம்பளத்துக்கு மேலே. நம் அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ஒதுக்கியது. அரசு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கட்டும், சந்தோசம்தான். தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிற்கிறவனுக்கு அதில் இடமில்லை.

சரி, எண்ணைத் தூக்கிப் போடு, படித்து மதிப்பிடு என்று சொல்லிவிடலாமா? எனக்கு அதிலும் பயம் இருக்கு. 2007இல் தோரட் குழு, டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் செய்முறையிலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாட்டைச் சந்திப்பதாகச் சொன்னதைப் பதிவு செய்தது. மூடிய அறையில் 'படித்துப் பார்த்தோம், தரமில்லை' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? எண்ணையாவது திருப்பிக் கேட்கலாம். முகத்தைப் பார்த்துப் போட்ட மார்க்கை எப்படிக் கேட்பது?

அதனால் திறந்த அறிவியல் என்றால் கட்டுரையை மட்டும் திறந்தால் போதாது, மதிப்பீட்டையும் திற என்கிறேன். குழு எதைப் படித்தது, ஏன் ஒதுக்கியது என்று கையெழுத்துப் போட்டு எழுதட்டும். அது விண்ணப்பித்தவர் கைக்கு வரட்டும். தமிழில் எழுதியதைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் மதிப்பிடட்டும். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு, யாரைப் பற்றியதோ அவர்கள் மொழியில் சுருக்கத்தோடு இலவசமாகக் கிடைக்கட்டும். இந்த மூன்றையும் இன்றைய கூட்டத்தின் தீர்மானமாகப் போடலாமா என்று தோழர்கள் பேசுங்கள்.